போருக்குப் பிந்திய அமெரிக்க மோட்டார் வண்டிகள்: புதுக்கலும் மாற்றலும்

பழைய பொருளொன்றைப் பேணுதல் இருவகைப்படும். அப்பொருள் பிறந்த நாளில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே அதனை மீட்டு நிறுத்துதல் ஒன்று. அதன் உடலை வைத்துக்கொண்டு, உடையவன் தன் கருத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப அதனைத் திருத்தியமைத்தல் மற்றொன்று. முன்னதைப் புதுக்கல் என்றும் பின்னதை மாற்றல் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்போரிடையிலும் இவ்விரு நெறியினர் உளர் என்பதை இலக்கிய மாணவர் அறிவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே இப்பிணக்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏறத்தாழ 1960 வரை செய்யப்பட்ட கார்களையும் சிறு லொறிகளையும் பற்றி எழுந்து, பல பத்தாண்டுகளாக ஓயாது நடந்துவருகின்றது. இயந்திரவியல் மாத்திரமன்றிச் சட்டமும் சமூகமும் அழகுணர்ச்சியும் அதனுள் அடங்கியிருத்தலின் அதனைச் சற்று விரிவாக ஆராய்தல் தகும்.

இவ்வண்டிகளின் தன்மையை உணர்வதற்கு அவை தோன்றிய காலத்தை அறிதல் வேண்டும். 1942ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கான கார்களைச் செய்வதை நிறுத்திப் போர்க்கருவிகளைச் செய்யத் தலைப்பட்டன. 1945 யூலையில் போர்ட் நிறுவனம் மீண்டும் கார்களைச் செய்யத் தொடங்கியது. எனினும் 1946 முதல் 1948 வரை விற்பனைக்கு வந்தவற்றுட் பெரும்பாலானவை 1942ஆம் ஆண்டின் கார்களே; முகப்பும் அணிகளும் மாத்திரம் மாற்றப்பட்டன. மூன்றரை ஆண்டுகளாகப் புதுக்கார் காணாதிருந்த மக்கள் எதனைக் கொடுத்தாலும் வாங்கினர்.

உண்மையிற் புதியனவாக முதலில் வந்தவற்றுள் லொறிகளும் அடங்கும் என்பது கருதத்தக்கது. 1947இன் நடுப்பகுதியிற் செவ்ரொலே நிறுவனத்தின் புதிய லொறி வரிசை வெளிவந்தது. 1948இல் போர்ட் தன் 'எவ்' வரிசையைத் தந்தது. போர்ட்டின் முற்றிலும் புதிய கார் 1949ஆம் ஆண்டுக்குரியதாக வெளிவந்து, அவ்வோராண்டு வகையில் மாத்திரம் பத்து இலட்சத்துக்கு மேற் செய்யப்பட்டது. மட்காட்டுகள் உடலினின்று புடைத்து நில்லாது, பக்கம் முழுவதும் ஒரே தட்டையான சுவர்போல் அமைந்தமையால் அதனைச் 'சப்பாத்துப் பெட்டி' எனப் பிற்காலத்தார் செல்லமாக அழைத்தனர். 1948இற் கடிலாக்கின் பின்புறத்திற் சிறு வால்துடுப்புகள் முளைத்தன. இரட்டை வால் கொண்ட லைற்னிங் என்னும் போர் விமானத்தைக் கண்டு, ஹாலி ஏர்ல் என்பவரின் வடிவமைப்புக் கூடத்தார் இயற்றிய அணி அது. அத்துடுப்பு ஆண்டுதோறும் வளர்ந்து 1959இல் உச்சத்தை அடைந்தது. அந்த ஆண்டின் கடிலாக்கை அழகு என்பாரும் உளர், அளவு கடந்தது என்பாரும் உளர். யான் பின்னவர் பக்கமே. வானிற் பறக்க வேண்டிய தேவையில்லாத பொருளுக்கு அத்தனை பெரிய வால் எதற்கு?

இனி, இவ்வண்டிகள் ஏன் இன்றும் உயிர்ப்பிக்கத்தக்கனவாய் உள்ளன என்பதை நோக்குவோம். இக்காலக் கார்களில் உடலும் எலும்பும் வேறல்ல. தகட்டாலான உடலே சுமை தாங்குகின்றது. முற்கூறிய வண்டிகளுட் பெரும்பாலானவற்றிலோ, உருக்காலான சசி கீழே தனியாக இருக்க, உடல் அதன்மேல் மரையாணிகளால் இருத்தப்பட்டுள்ளது. ஆணிகளைக் கழற்றி உடலைத் தூக்கினால், சசியும் எஞ்சினும் அச்சுகளும் வெளிப்பட்டு நிற்கும். ஒன்றைப் பழுதுபார்க்கும்போது மற்றதைச் சிதைக்க வேண்டுவதில்லை. சிறு லொறி இதனினும் எளியது. சாரதியின் அறை ஒன்று, சுமைப்பெட்டி ஒன்று, மட்காட்டுகள் நான்கு, பொனற் ஒன்று என அதன் உறுப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேலும் செவ்ரொலே லொறியின் உருவம் 1955 வரை பெரிதும் மாறவில்லை. எட்டாண்டுக் காலம் ஒரே அச்சில் வார்த்தாற்போல் வந்தமையாற் பழைய உறுப்புகளும் மிகுதி. அவற்றைப் பார்த்துப் புதிதாகச் செய்வோருக்கும் விற்பனை உண்டு. இதற்கு மாறாக ஹட்சன், கைசர் போன்ற மறைந்த நிறுவனங்களின் காரொன்றை எடுத்துக்கொள்பவன், ஒரு கதவுப் பிடிக்காக ஆண்டுக்கணக்கில் அலைய நேரும். 1948ஆம் ஆண்டின் ஹட்சனில் இருக்கைத் தளம் சசியின் நடுவே தாழ இறங்கியிருந்தது. ஓட்டத்துக்கு அது மிக நன்று. உடலையும் சட்டகத்தையும் பிரித்தல் இயலாதாதலிற் புதுக்குபவனுக்கோ பெருந்துன்பம்.

புதுக்குவோரின் முதற்பகை கறள். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிற் பனிக்காலத்தில் வீதியில் உப்பைத் தூவுவர். அவ்வுப்பு நீர் தகட்டின் மடிப்புகளுள் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். அரிசோனா, நியூ மெக்சிக்கோ போன்ற வறண்ட நிலங்களில் ஐம்பதாண்டு வெளியிற் கிடந்த வண்டியும் தகடு கெடாதிருக்கும். ஆயின் வெயிலாற் பெயின்ற் வெளிறி, இறப்பர் வெடித்து, இருக்கைத்துணி நூல்நூலாய்ப் போயிருக்கும். இரண்டினுள் எதை வாங்கலாம் என்று வினவினால், அனுபவமுடையோர் தயங்காது பின்னதையே கூறுவர். துணி தைத்தல் எளிது. இல்லாத தகட்டை உண்டாக்கல் அரிது.

அரித்த பகுதியை வெட்டி நீக்கிப் புதுத் தகட்டை ஒட்டுதலே நேர்மையான முறை. துவாரத்தின்மேற் பசையை அப்பி மெருகிட்டு விற்பவரும் உளர். ஒரு சிறு காந்தத்தைத் துணியிற் சுற்றி உடலின்மேல் நகர்த்தினால், பசை தடித்த இடத்தில் அது பற்றாது. வாங்குவோன் கையில் இருக்க வேண்டிய கருவி அஃதொன்றே. நம் ஊர்க் கராச்சுகளில் ரிங்கர் வேலை செய்வோர் இதனை நன்கு அறிவர். இக்காலப் பசைகள் வருமுன் ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலப்புலோகத்தை உருக்கி, எண்ணெய் தடவிய மரத்துடுப்பினால் வழித்து, அரத்தினாற் சீர்செய்தனர். மிக்க கைத்திறம் வேண்டும் வேலை அது, வேதனமும் அதிகம். ஈயத்தூள் நுரையீரலுட் புகுதல் நஞ்சு. பழைய பிறேக் சப்பாத்துகளில் உள்ள அஸ்பெஸ்ரோசுத் தூசும் அவ்வாறே கொடிது. அதனைக் காற்றால் ஊதித் துடைத்தல் ஒருபோதும் கூடாது.

பம்பர் முதலிய அணிகளுக்குச் செம்பு, நிக்கல், குரோமியம் என மூன்று படை முலாம் ஏற்றப்படும். சிறு அணிகள் பல உருக்கினால் ஆனவை அல்ல, துத்தநாக வார்ப்புகள். அவை அம்மை வடுப்போல் உள்ளிருந்து கொப்புளிக்கும். வண்டியின் எஞ்சினைச் சீர்செய்தற்கு ஆகும் செலவினும், அதன் மினுக்கத்தை மீட்டற்கு ஆகும் செலவு மிகுவதும் உண்டு.

மின்னமைப்பைப் பற்றி விஞ்ஞான மாணவர் பொருட்டுச் சிறிது கூறுவேன். 1955 வரையிற் பெரும்பாலான அமெரிக்க வண்டிகள் 6 உவோற்றுப் பற்றறி கொண்டவை. செவ்ரொலே கார் 1955இலும் போர்ட் 1956இலும் 12 உவோற்றுக்கு மாறின. வலு என்பது அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்க வருவது. அழுத்தம் பாதியாயின், அதே வலுவுக்கு இருமடங்கு ஓட்டம் வேண்டும். ஓட்டம் மிகுந்தால் கம்பியும் தடித்திருத்தல் வேண்டும். பழைய கம்பிகளின் துணிக்கவசம் உளுத்துப்போனதைக் கண்டு, 12 உவோற்றுக்கென விற்கப்படும் மெல்லிய கம்பிகளைப் பூட்டிவிட்டு, பற்றறியை மாற்றாது விடுபவர், விளக்கு மங்குகின்றது, எஞ்சின் பற்றவில்லை என்று வருந்துவர். பழுது கம்பியின் தடிப்பிலேயே உளது. மறுதலையாக, பழைய தடித்த கம்பி நல்ல நிலையில் இருப்பின் அது 12 உவோற்றுக்குத் தாராளமாகப் போதும். விளக்குகளையும் அளவுமானிகளையும் மாத்திரம் கவனித்தால் அமையும். மழைத்துடைப்பான் மின்னால் அன்றி எஞ்சினின் உறிஞ்சு வெற்றிடத்தால் இயங்கிய வண்டிகளும் பல. மேட்டில் ஏறும்போது, வாயில் முழுதும் திறக்கப்பட, வெற்றிடம் குறைந்து துடைப்பான் நின்றுவிடும். மழையில் மலையேறுபவன் முன்னே என்ன உளதென்று ஊகித்தறிய வேண்டியவனானான்!

எஞ்சின்களுட் செவ்ரொலேயின் ஆறு சிலிண்டர் எஞ்சின் தனிக்கவனத்துக்குரியது. 216 கன அங்குலம் கொள்ளும் அவ்வெஞ்சினிற் பிஸ்டன் கோல்களின் தாங்கிகளுக்கு ஒயில் அமுக்கத்தாற் செலுத்தப்படுவதில்லை. கோலின் அடியில் உள்ள சிறு அகப்பை, சுழலும்போது தொட்டியிலுள்ள ஒயிலை அள்ளி உண்ணும். தாங்கியும் தனியே கழற்றி மாற்றத்தக்கதன்று. மென்மையான கலப்புலோகத்தை உருக்கி வார்த்து, கடைந்து பொருத்துதல் வேண்டும். அத்தொழில் அறிந்தோர் இன்று மிகச் சிலரே. பண்ணையிலிருந்து சந்தைக்கு மணிக்கு முப்பது மைல் வேகத்திற் செல்வதற்கு அவ்வெஞ்சின் நெடுங்காலம் உழைத்தது. பின் வந்த நெடுஞ்சாலைகளின் வேகத்தில் அதனை மணிக்கணக்காக ஓட்டுதல் ஆகாது. ஆகவே, 1954ஆம் ஆண்டுமுதல் முழு அமுக்க ஒயிலோட்டம் பெற்ற 235 கன அங்குல எஞ்சினை அதனிடத்தில் வைப்பதைக் கண்டிப்பான புதுக்குநர் சிலரும் மன்னிப்பர்.

இவ்விடத்திலேயே புதுக்கல் மெல்ல மாற்றலாகின்றது. 1955இற் செவ்ரொலே 265 கன அங்குல 'வீ' வடிவ எட்டுச் சிலிண்டர் எஞ்சினை வெளியிட்டது. அதன் வழித்தோன்றல்கள் பல பத்தாண்டுகள் ஏறத்தாழ அதே புறவளவில் வந்தன. 1967இல் தோன்றிய 350 கன அங்குல எஞ்சினை 1955ஆம் ஆண்டுக் காருக்குட் பொருத்துதல் கடினமன்று. இன்று பழைய உடலுக்குட் புதிய எஞ்சின், புதிய பல்லிணைப்பெட்டி, குளிரூட்டி எல்லாம் அமைத்து ஓட்டுவோர் தொகையே மிகுதி எனலாம். மின்மோட்டரை வைப்போரும் தோன்றியுள்ளனர்.

மாற்றல் என்னும் கலையின் பிறப்பிடம் தென் கலிபோர்ணியா. போருக்கு முன்பே அங்குள்ள இளைஞர், வறண்ட ஏரித்தளங்களில் பழைய போர்ட்டுகளை விரைந்தோட்டிப் போட்டியிட்டனர்; அவர்கள் கழகங்கள் 1937இல் ஒரு சங்கமாக இணைந்தன. போர் முடிந்து மீண்டவரிடம் பொறித்தொழில் அறிவும் கையிற் சிறிது பணமும் இருந்தன. 1948 சனவரியில் இக்கலைக்கென ஒரு மாத இதழும் தோன்றிற்று. 1949இல் யூட்டா மாநிலத்து பொன்னவில் உப்புவெளியில் வேகப்போட்டி வாரம் தொடங்கியது.

வேகத்தை நாடாது அழகை நாடியோர், 1949 முதல் 1951 வரையான மேர்க்குரி கார்களைப் பெரிதும் விரும்பினர். கூரையைத் தாழ்த்துதல், விளக்குகளை உடலுட் பதித்தல், கைப்பிடிகளையும் அணிகளையும் அகற்றி மேனியை வழுவழுப்பாக்குதல் என்பன அவர்களது முறைகள். கூரையைத் தாழ்த்துவது, தூண்களில் நான்கு அங்குலத்தை வெட்டி எடுத்துவிட்டு இறக்கிவைக்கும் வேலை என்று எண்ணுவோர், கேத்திரகணிதத்தை மறந்தவராவர். முன்கண்ணாடித் தூண் செங்குத்தாக நிற்பதில்லை; பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றது. அது கிடையோடு 60 பாகை சாய்ந்தது என்போம். உயரத்தில் நான்கு அங்குலம் நீக்கினால், மேற்றுண்டு கீழ்த்துண்டுக்கு நேராக அமராது, ஏறத்தாழ 2.3 அங்குலம் பின்தள்ளி நிற்கும். பின்தூணும் அதே அளவு முன்னோக்கிச் சாய்ந்திருப்பின் அங்கும் அத்தனை இடைவெளி தோன்றும். ஆகவே கூரையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, நடுவில் நான்கரை அங்குலத்துக்கு மேல் தகடு சேர்த்தல் வேண்டும்; அன்றேல் தூண்களையே மேலும் சாய்த்தல் வேண்டும். பின் கதவுச் சட்டங்களும் கண்ணாடிகளும் அதற்கேற்ப மாறவேண்டும். ஒரு வெட்டு நூறு வெட்டுக்களைப் பெறும்.

இத்துறையிற் புகழ்பெற்றோர் சாம் பாரிஸ், ஜோர்ஜ் பாரிஸ் என்னும் சகோதரர். பொப் ஹிரோஹாட்டா என்பவருக்காக அவர்கள் 1952இல் மாற்றியமைத்த 1951ஆம் ஆண்டு மேர்க்குரியின் கதை கேட்கத்தக்கது. கூரை தாழ்த்தப்பட்டு, நடுத்தூண் நீக்கப்பட்டு, பியூயிக் காரின் பக்க அணி பூட்டப்பட்டு, இளம்பச்சை வண்ணங்களில் அது பொலிந்தது. புதுமை போனதும் உலகம் அதனை மறந்தது. 1959இல் ஓர் இளைஞர் அதனை 500 டொலருக்கு வாங்கிப் பல்லாண்டு தம்மிடமே வைத்திருந்து, பின்னர் புதுக்கினார். 2017இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் அது இடம்பெற்றது. 2022இல் ஏறத்தாழ இருபது இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. இங்கே நம் பாகுபாடு தடுமாறுவதைக் காண்க. அக்காரைப் புதுக்குதல் என்றால் என்ன? 1951இல் தொழிற்சாலை செய்த வடிவுக்கு அதனை மீட்போன் அதனை அழித்தவனாவான். 1952இல் வெட்டப்பட்ட வெட்டே அதன் மூலபாடம். ஆகவே 'மூலம்' என்பது தொழிற்சாலைக்கு மாத்திரம் உரியது என்னும் கொள்கை நில்லாது. ஆயின், எஞ்சியிருக்கும் சிலவற்றுள் ஒன்றான ஹட்சனை இன்று ஒருவன் வெட்டப் புகுவானாயின் அவனைத் தடுப்பதே முறை. பல்லாயிரம் உள்ள வகையில் ஒன்றை மாற்றுதலும், அரிய ஏட்டின் ஒரே படியிற் கை வைத்தலும் ஒன்றாகா.

கலிபோர்ணியாவின் மெக்சிக்க வமிசத்தவரிடையே இக்கலை வேறொரு வழியில் வளர்ந்தது. மற்றையோர் வேகத்தை நாட, அவர் காரைத் தரையோடு தாழ்த்தி, வீதியில் மெதுவாக ஊர்வலம் வருவதை நாடினர். சக்கர வளையத்தினும் தாழ்ந்த உடலைக் கொண்ட காரை ஓட்டுதல் குற்றம் என 1950களின் இறுதியில் அம்மாநிலம் சட்டஞ் செய்தது. அதற்கு விடையாக 1959இல் றொன் அகிரே என்பவர், விமானங்களினின்று கழிக்கப்பட்ட நீரியற் பம்பிகளைப் பொருத்தி, வேண்டும்போது காரைத் தாழ்த்தவும் பொலிசாரைக் கண்டதும் உயர்த்தவும் வழிகண்டார். சட்டம் பெற்றெடுத்த பொறி அது. பின்னர் 1980களில், மெதுவாக வீதிவலம் வருதலையே தடைசெய்ய நகரங்களுக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது. தடைகளின் சுமை ஒரு சமூகத்தார்மீதே மிகுதியாக விழுந்தது என அவர் பல்லாண்டு வாதாடினர். 2023இல் நிறைவேறிய சட்டம் ஒன்றால், 2024 சனவரி முதலாம் திகதிதொட்டு மாநிலமெங்கும் அத்தடைகள் நீங்கின. ஒரு காரின் உயரம் குடியுரிமை வழக்காக மாறும் என்று டிற்றொயிற்று நகரத்தில் அதனைச் செய்தோர் நினைத்திரார்.

பாதுகாப்பைப் பற்றிக் கூறாது விடுதல் தவறாகும். அந்நாளைய காரிற் பிறேக்குக்கான திரவவழி ஒன்றே. ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரங்களும் ஒருங்கே கைவிடும். ஸ்ரியறிங் தண்டு ஈட்டிபோல் நெஞ்சை நோக்கி நின்றது. இருக்கைப் பட்டி இல்லை. 1968 சனவரி முதலாம் திகதியில் நடைமுறைக்கு வந்த கூட்டரசின் விதிகள் பட்டியையும் இருவழிப் பிறேக்கையும் மோதலில் ஒடுங்கும் தண்டையும் கட்டாயமாக்கின. காட்சிக்கூடத்தில் நிற்கும் வண்டிக்கு இவை வேண்டா. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வீதியில் இறங்கும் வண்டிக்கு இருவழிப் பிறேக்கும் பட்டியும் பூட்டுவது மூலத்தைக் கெடுப்பதாகும் என்போரின் வாதத்தை யான் ஏற்கேன். பழைய உறுப்பை ஒரு பெட்டியில் வைத்துப் பேணலாம். மனிதனை அவ்வாறு வைத்தல் இயலாது.

விருப்பத்தாலன்றி வேறுவழியின்மையால் இவ்வண்டிகள் வாழும் நாடு கியூபா. 1959ஆம் ஆண்டுப் புரட்சியின் பின், அமெரிக்கத் தடை 1960இல் தொடங்கி 1962இல் முற்றுப்பெற, புதிய கார்களும் உறுப்புகளும் வருவது நின்றது. 2011 வரை, புரட்சிக்கு முன் நாட்டிலிருந்த கார்களை மாத்திரமே குடிமக்கள் தடையின்றித் தமக்குள் வாங்கி விற்கலாம் என்ற விதியும் இருந்தது. ஆகவே செவ்ரொலேயின் உடலுக்குள் ருஷிய எஞ்சின், டீசல் எஞ்சின் எனக் கிடைத்தவை புகுந்தன. பெரிய வாதுமைக்கொட்டை எனப் பொருள்படும் 'அல்மென்ட்றோன்' என்னும் பெயரால் அவற்றை அழைப்பர். கண்காட்சி நடுவர் எவரும் அவற்றுக்குப் பரிசளியார். யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1990களிற் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் ஆகிய பிரித்தானியக் கார்கள், சிறிது பெற்றோல் வார்த்துத் தொடக்கப்பெற்று மண்ணெண்ணெயில் ஓடினமையை அறிந்தோர் நம்மிடைப் பலர்.

தகடு கிடைக்கும், எஞ்சினும் கிடைக்கும், ஈயம் வழிக்கவும் தாங்கி வார்க்கவும் அறிந்த கைகள் கிடைத்தலே அருகிவருகின்றது. அக்குறையைக் கருதியே கன்சாஸ் மாநிலத்திலுள்ள மக்பேர்சன் கல்லூரி 1976இல் மோட்டார் வண்டி புதுக்கலை ஒரு பாடமாகத் தொடங்கியது. இன்று அதனை நான்காண்டுக் கல்வியாகப் பயின்று பட்டம் பெறலாம். அங்கே தகடு வேலை, இருக்கை தைத்தல், பெயின்ற் பூசல், எஞ்சின் கட்டல் ஆகியவற்றோடு மோட்டார் வண்டி வரலாறும் கற்பிக்கப்படுகின்றது. அது கலைக்கல்லூரி ஆதலின், ஈயம் வழிக்கும் மாணவர் ஏனைய பட்டதாரிகள் கற்கும் பொதுப் பாடங்களையும் கற்றே வெளியேறுகின்றனர்.